ராகத்துக்குக் கார்டு போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்நாடக ராகங்களுக்குக் கார்டு (chord: ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) போட்டு, அவற்றை மெல்லிசைக் கருவிகளோடு இணைக்க முனையும் இளைஞர்களின் ஒத்திகைகளுக்கு அடிக்கடி போய்வருகிறேன். ஸ்ருதி விலகுவதையும் தாளம் தப்புவதையும் அவர்களே கேட்டுத் திருத்திக்கொள்வார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆயத்தக் கார்டுகளை ராகத்தின் மேல் ஏற்றுவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். அண்மையில் ஓர் ஒத்திகையில் ஒரு பெண் ஒரு கட்டை ஸ்ருதியில் (அதாவது சி-யை ஷட்ஜமாக, ‘ச’வாக வைத்து) மோகன ராகத்தை வெகு நேர்த்தியாகப் பாடிக்கொண்டிருக்க, கீபோர்டு வாசித்தவர் கைப்பழக்கத்தில் சி, எஃப், ஜி மேஜர் கார்டுகளையே மாற்றி மாற்றிப் பிடித்தார். மோகனத்தில் மத்யமமும் (ம) நிஷாதமும் (நி) கிடையாது. எஃப் மேஜரின் அடி ஸ்வரமே சுத்த மத்யமம்; ஜி மேஜரின் நடு ஸ்வரம் காகலி நிஷாதம். பாடியவர் ஒரு ஸ்வரம்கூடப் பிசகவில்லை. ஆனாலும் கேட்டவர்களின் காதில் விழுந்தது, அவ்விரண்டு ஸ்வரங்களும் உள்ள சங்கராபரண ராகத்தின் சாயல்தான். பதிவு முடிந்த பிறகு கார்டை மட்டும் நீக்கிச் சரிசெய்துவிடவும் முடியாது. ஏனெனில் பேஸ் கிட்டாரும் வயலின்களும் அந்தக் கார்டை ஒட்டியே வாசிக்கப்பட்டிருக்கும்.

மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களுக்குள் முழுமையாக அமையும் மூன்று ஸ்வரக் கார்டுகள் இரண்டே: சி மேஜர், ஏ மைனர். இதிலும் பேஸ் நெடுநேரம் தைவதத்தில் (த, அதாவது ஏ) நின்றால், காது அதையே ஷட்ஜமாக எடுத்துக்கொள்ள, கிரக பேதத்தால் (ஷட்ஜம் இடம் மாறுவதால்) மோகனம் சுத்த தன்யாசி என்ற வேறு ராகமாக ஒலிக்கத் தொடங்கும். ஆகவே ஏ மைனரைத் தொட்டுவிட்டுச் சீக்கிரம் ஷட்ஜத்துக்குத் திரும்பிவிட வேண்டும். மற்ற இடங்களில் ஷட்ஜ பஞ்சமத்தையோ (ச, ப), பஞ்சமத்தோடு ரிஷபத்தையோ (ரி) சேர்த்துப் பிடித்தாலே போதும். சில சங்கதிகளுக்குத் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவங்களுக்கு) தம்புராவைத் தவிர எதுவுமே வேண்டியதில்லை.

கமகத்தை ஆட்டோ டியூனில் நேராக்குவது

கமகம் என்பது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது; ஸ்ருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோ டியூன் மென்பொருள் அந்த அசைவை அழித்துவிடும். தோடி ராகத்தின் காந்தாரத்தை (க) அசையாமல் நிறுத்தினால் தோடியே போய்விடும்.

மிருதங்கத்தின் மேல் டிரம்ஸ்

காலால் அடிக்கும் கிக் டிரம், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நாதத்தை விழுங்கிவிடும்; ஒன்று பேசும்போது மற்றது ஒதுங்கட்டும்.

எடுத்த எடுப்பில் கடினமான ராகம்

முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் என்ற பாடல்கள், மேற்கத்திய மெட்டுகளுக்கு இசைவாகச் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் பெரும்பாலும் கமகமின்றி அமைந்தவை. மேஜர் ஸ்கேலின் ஸ்வர வரிசையும் அதுவே என்பதால், புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த வழி எளிது. ஹார்மோனிக் மைனர் என்ற மேற்கத்திய ஸ்கேலோடு ஒத்துப்போகும் கீரவாணி ராகமும் கார்டுக்கு இடம் கொடுக்கும். சஹானா ராகத்துக்கோ, அதன் பிடிகளை (அந்த ராகத்துக்கே உரிய ஸ்வரக் கோவைகளை) தாமே பாடிக்காட்ட முடிகிறவரைக்கும் கார்டு தேடாமல் இருப்பது நல்லது.