பலபடித்தான கலவை: மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

நடுநிலை வகுப்புகளில் கலவைகள் பாடம் சுலபமாகத்தான் தெரியும். மணலும் உப்பும் பலபடித்தானது (சீராகக் கலக்காதது), உப்புக்கரைசல் ஒருபடித்தானது (சீராகக் கலந்தது) என்று எழுதிவிட்டுப் பிள்ளைகள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். பால் எந்த வகை என்று கேட்கும்போதுதான் தடுமாற்றம் தொடங்கும்.

பாலை ஒருபடித்தானது என்று எழுதும் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. ‘கலவை முழுவதும் ஒரே சீராக இருந்தால் ஒருபடித்தானது’ என்றுதானே சொல்லிக் கொடுக்கிறோம்? பாக்கெட் பாலை டம்ளரில் ஊற்றி, மேலிருந்து ஒரு ஸ்பூன், அடியிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஸ்பூன் அளவோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு. நுண்ணோக்கியில் பார்த்தால் நீர் நடுவே கொழுப்புத் துளிகள் தனித்தனியாக மிதப்பது தெரியும். துளிக்கு உள்ளே கொழுப்பு, வெளியே நீர், நடுவில் தெளிவான எல்லை. ‘ஒரே சீராக’ என்பது கண்ணுக்குத் தெரியும் அளவோடு முடிவதில்லை, துகள் அளவு வரை போக வேண்டும். உப்புக்கரைசலில் கரைந்திருக்கும் அயனிகள் 1 நானோமீட்டருக்கும் சிறியவை, அதனால் அது ஒருபடித்தானது. கறந்த பாலில் கொழுப்புத் துளிகளோ மைக்ரோமீட்டர் கணக்கில் இருக்கின்றன. ஒரு மைக்ரோமீட்டர் என்பது 1000 நானோமீட்டர்.

பால் பாக்கெட்டில் ‘ஹோமோஜெனைஸ்டு’ (ஒருபடித்தானதாக ஆக்கப்பட்டது என்று பொருள்) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, அப்படியானால் ஒருபடித்தானதுதானே என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. நல்ல கேள்வி அது. பிரான்ஸைச் சேர்ந்த ஆகஸ்ட் கோலான் 1899-ல் காப்புரிமை பெற்ற முறை இது. அதிக அழுத்தத்தில், மிகக் குறுகிய இடுக்கு வழியாகப் பாலைச் செலுத்தி, கொழுப்புத் துளிகளைச் சிறு சிறு துளிகளாக உடைக்கிறார்கள். அதனால் ஆடை எளிதில் மேலே திரளாது. துளிகள் சிறுத்திருக்கின்றனவே தவிர, கரைந்துவிடவில்லை. அந்தப் பாலும் பலபடித்தானதுதான்.

இதை வகுப்பிலேயே காட்டலாம். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் சுத்தமான குடிநீர் எடுங்கள். ஒன்றில் உப்பைக் கரையுங்கள், மற்றதில் இரண்டு சொட்டுப் பால் விடுங்கள். இருட்டான அறையில் சிறிய டார்ச்சின் ஒளியைக் குறுகலாக இரண்டின் வழியாகவும் செலுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். பால் கலந்த நீரில் ஒளி போகும் பாதை பளிச்சென்று தெரியும், உப்பு நீரில் தெரியாது. துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் இதற்கு டிண்டால் விளைவு என்று பெயர். லேசர் விளக்கைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணுக்கு ஆபத்து.

வடிதாளில் ஊற்றிப் பார்த்துவிட்டு, எதுவும் தங்கவில்லை, எனவே ஒருபடித்தானது என்று முடிவு கட்டுவதும் இதே வகைத் தவறு. மணல் கலந்த நீருக்கு வடிதாள் போதும். பாலில் இருப்பது போல, கரையாமல் பரவியிருக்கும் மிக நுண்ணிய துகள்கள் (கூழ்மத் துகள்கள்) அதன் துளைகள் வழியாகவே போய்விடும்.

அப்புறம், பொருளின் நிலையை வைத்துத் தீர்மானிப்பது. திண்மமும் திரவமும் சேர்ந்தால் பலபடித்தானது என்று சிலர் மனப்பாடமே செய்திருப்பார்கள். சர்க்கரைக் கரைசல் இதை உடனே உடைத்துவிடும். எண்ணெயும் நீரும் இரண்டுமே திரவம், ஆனாலும் பலபடித்தானது. ஒரே பொருள்களே அளவைப் பொறுத்து மாறுவதும் உண்டு. டம்ளர் அடியில் கரையாத சர்க்கரை தங்கியிருந்தால் மேலே உள்ள கரைசல் ஒருபடித்தானது, டம்ளரில் உள்ளதை மொத்தமாக எடுத்தால் பலபடித்தானது.

பலபடித்தானதை மட்டும்தான் பிரிக்க முடியும் என்பதும் சரியில்லை. தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீரிலிருந்து உப்பு எடுக்கிறார்களே, கரைந்திருக்கும் உப்பைத்தானே பிரிக்கிறார்கள்? இரண்டு வகைக் கலவையையும் பிரிக்கலாம், வழிதான் வேறு.

இரும்புத் தூளையும் கந்தகத் தூளையும் 7-க்கு 4 என்ற எடை விகிதத்தில் கலந்துவிட்டால் சேர்மம் (வேதிவினையால் இணைந்த புதுப் பொருள்) ஆகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. விகிதம் சரியாக இருந்தாலும் சூடாக்கும் வரை அது பலபடித்தான கலவைதான், காந்தத்தைக் காட்டினால் இரும்பு தனியே வந்துவிடும். சூடாக்கி இரும்பு சல்பைடு ஆன பிறகு அப்படி வராது.

கடைசியாக, பனிக்கட்டி மிதக்கும் தூய நீர். இரண்டு பகுதிகள் கண்ணுக்குத் தெரிவதால் பலபடித்தான கலவை என்று பலர் எழுதுகிறார்கள். இரண்டு நிலைகள் இருப்பது உண்மைதான். ஆனால் இரண்டுமே நீர் என்ற ஒரே பொருள் என்பதால் அது கலவையே அல்ல.