எழும் நேரத்தைப் பிடியுங்கள், உறக்கம் தானே வரும்

மும்பை வட்டாரத்தில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தொடங்கி டோம்பிவிலி வரை வாழும் நம் தமிழர்களில் இரவு உறக்கம் கெட்டவர்கள் பெரும்பாலும் படுக்கும் நேரத்தைத்தான் மாற்றிப் பார்க்கிறார்கள். முதலில் ஒழுங்குபடுத்த வேண்டியது காலையில் எழும் நேரம். படுத்தவுடன் உறங்குவது நம் கையில் இல்லை; எழுவது இருக்கிறது. வார நாட்களில் 5.30 மணிக்கு எழுந்து லோக்கல் ரயிலைப் பிடிப்பவர் ஞாயிற்றுக்கிழமை 9 மணி வரை படுத்திருந்தால், அன்றிரவு அவருக்கு எளிதில் கண் சொக்காது. விடுமுறையிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போடாமல் எழுந்து, கட்டட வாசலிலாவது அரை மணி நேரம் பகல் வெளிச்சத்தில் இருங்கள். உடலின் உள் கடிகாரத்தை நாள்தோறும் சரிசெய்வது அந்த வெளிச்சமே. பழ ஈக்களை ஆராய்ந்து அக்கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அடுத்து, நம் ஊருக்கே உரிய ஒரு பழக்கம். மாலையில் சி.எஸ்.எம்.டி. ரயில் முனையத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்த நிம்மதியில் கம்பியில் தலைசாய்த்து, பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்பும்வரை உறங்கிவிடுகிறோம். விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. இரவில் கண்ணை இழுப்பது அதுதான். ரயிலில் போடும் தூக்கம் அதைக் கரைத்துவிடுவதால், வீட்டில் படுத்ததும் விழிப்புத் தட்டுகிறது. அசதி தாங்கவில்லையென்றால் மதிய உணவுக்குப் பின், 3 மணிக்குள், 20 நிமிடம் கண்ணயருங்கள்; மாலைப் பயணத்தில் பேச்சோ புத்தகமோ துணையாகட்டும்.

காபி அந்த அடினோசினை வேலைசெய்யவிடாமல் வழிமறிக்கிறது. உடலில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும் என்பதால், மாலை 6 மணி ஃபில்டர் காபியின் பாதி 11 மணிக்கும் உள்ளே இருக்கும். மதியம் 2 மணிக்குப் பின் காபியைத் தவிர்ப்பது நல்லது. டீயிலும் காஃபீன் உண்டு. மது உறக்கத்தைத் தருவதுபோல் தந்து பின்னிரவில் கலைத்துவிடும்.

வீட்டுக்கு வரவே 9 மணி ஆகிறவர்கள், மாலையிலேயே வயிற்றுக்கு ஓரளவு சாப்பிட்டுவிட்டு இரவில் இட்லியோ ரசம் சாதமோ போதுமென்று நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரே அறையில் குடும்பமே உறங்கும் வீடுகளில் ஒருவர் மட்டும் திருந்திப் பயனில்லை. 10 மணிக்கு டியூப்லைட்டை அணைத்து, படிக்கும் பிள்ளைக்கு மட்டும் ஒரு மேசைவிளக்கு வைத்து, எல்லாருடைய செல்போனையும் சமையலறையில் சார்ஜில் போடுவது என்று வீடே கூடி முடிவெடுக்க வேண்டும்.

உறக்கம் வர உடலின் உள்வெப்பம் சற்றே இறங்க வேண்டும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளித்தால், தோலுக்கு வரும் ரத்த ஓட்டம் வெப்பத்தை வெளியேற்றும். மே மாதப் புழுக்கத்திலும் இது பொருந்தும். ஈரத்துணி தொங்கவிடுவது இந்தக் கடலோரக் காற்றில் அதிகம் உதவாது; ஜன்னலும் மின்விசிறியும் எதிரெதிரே அமைவதே முக்கியம்.

படுத்து ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியும் உறக்கம் வராவிட்டால், மணி பார்க்காமல் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்திருந்து, கண் சொக்கியதும் படுங்கள். வாரம் 3 இரவுகளாவது இப்படி 3 மாதம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கவே கூடாது. பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நின்று திணறலும் இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். உறங்குபவருக்கு அது தெரியாது. எனவே அதை அருகிலிருந்து கேட்டவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.