அரசு என்ன செய்தது என்று கணக்கு வைக்க ஒரு கொப்பி

எண்பது பக்கக் கோடு போட்ட கொப்பி ஒன்று, ஒரு பென்சில், ஒரு பேனை. இவ்வளவும் போதும். கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இருபத்தாறு வருஷம் உதவி ஆசிரியனாகக் குப்பை கொட்டியவன் நான். மதத்தின் பெயரால் யாராவது குண்டு வைத்தால் செய்தி வெள்ளமாக வரும். அந்த வெள்ளத்தில் அரசு எங்கே தூங்கியது, எப்போது விழித்தது என்று பிடிக்க நான் பழகிய முறை இது. இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறை வைத்தே சொல்கிறேன்.

முதல் சில நாட்களுக்குப் பேனையைத் தொடாதீர்கள். புதன்கிழமை இறந்தவர்கள் 359 என்றார்கள். வியாழன் இரவு சுகாதார அமைச்சு 253 என்றது. சிதறிய உடல்களை எண்ணியதில் வந்த பிழை. பக்கம் முடிக்கிற நேரத்தில், “அண்ணை, எந்த எண்ணைப் போட?” என்று வடிவமைப்பாளர் தம்பி கேட்டுக்கொண்டு நின்றது இன்னும் ஞாபகம். பென்சிலால் எழுதினால் அழிக்கலாம்.

அப்புறம் கொப்பியை நடுவில் விரித்து, இடப் பக்கத்தில் ‘முன்’, வலப் பக்கத்தில் ‘பின்’ என்று எழுதுங்கள். எல்லாரும் வலப் பக்கத்தைத்தான் முதலில் நிரப்புவார்கள், தொலைக்காட்சி அதைத்தானே காட்டுகிறது. நீங்கள் இடப் பக்கத்தில் தொடங்குங்கள், அதுவும் பின்னோக்கி.

ஏப்ரல் 11: பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவர் அனுப்பிய கடிதம். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் பெயர் அதில் இருக்கிறது. கத்தோலிக்கத் தேவாலயங்களும் இந்தியத் தூதரகமும் இலக்காகலாம் என்றும் இருக்கிறது. போனது முக்கியஸ்தர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் பிரிவுகளுக்கு. பிறகு குண்டு வெடித்த கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டித் தேவாலயங்களுக்கும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கும் யாரும் சொல்லவில்லை. ஏப்ரல் 4: இந்தியாவிலிருந்து வந்த முதல் எச்சரிக்கை. ஜனவரி: வணாத்தவில்லு தென்னந்தோட்டத்தில் ஏறத்தாழ 100 கிலோ வெடிபொருள். 2018 டிசம்பர்: மாவனல்லையில் உடைக்கப்பட்ட புத்தர் சிலைகள்.

2018 நவம்பர் 30 எனக்குக் கொஞ்சம் வலிக்கிற தேதி. வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். முன்னாள் புலி உறுப்பினர் ஒருவரைப் பிடித்தார்கள். ‘முன்னாள் போராளி கைது’ என்று தலைப்புப் போட்டது என் கை, கேள்விக்குறிகூட வைக்கவில்லை. கொன்றது சஹ்ரானின் ஆட்கள் என்று ஏப்ரலுக்குப் பிறகுதான் வெளிவந்தது. அந்த மனிதர் மே மாதம்தான் வெளியே வந்தார். பழக்கப்பட்ட சந்தேகநபர் கையில் இருந்தால் புதியவனை யாரும் தேடுவதில்லை. பொலிஸும் அப்படி, பத்திரிகையும் அப்படி.

இன்னும் பின்னால் போங்கள். 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சஹ்ரானின் ஆட்களுக்கும் சூஃபி வழியினருக்கும் மோதல். அவனைப் பற்றி முறைப்பாடு கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்கள்தான். இப்படிப்பட்ட ஆள் முதலில் கடிப்பது தன் மதத்துக்காரரை. ஆகவே பக்கத்து வீட்டார் என்ன முறையிட்டார்கள் என்று தேடாமல் இடப் பக்கத்தை மூடாதீர்கள்.

வலப் பக்கம் தானாக நிரம்பும். அவசரகாலச் சட்டம், ஆகஸ்ட் 22 வரை. ஏப்ரல் 29 முதல் முகம் மூடத் தடை. முகநூல், வாட்ஸ்அப் முடக்கம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வியை எழுதுங்கள்: இது முன்பே இருந்திருந்தால் ஏப்ரல் 11 கடிதம் தேவாலயத்துக்குப் போயிருக்குமா? 1979இலிருந்து பயங்கரவாதத் தடைச் சட்டம் கையில் இருந்தது. அதிகாரம் குறைந்துபோய் நடந்த தவறா இது? என் கொப்பியில் பெரும்பாலான வரிகளுக்கு எதிரே ‘இல்லை’ என்றுதான் இருக்கிறது.

புதிய அதிகாரமும் பதற்றமும் யார் மேல் விழுந்தன என்பதற்குத் தனியாகப் பக்கம் ஒதுக்குங்கள். மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவருடைய உடுப்பில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சடித்திருந்தது. அதைப் பௌத்தர்களின் தர்மச்சக்கரம் என்று எடுத்துக்கொண்டு, சிவில் அரசியல் உரிமைகளுக்கான சட்டத்தின் கீழ் உள்ளே போட்டார்கள். உரிமைக்கான சட்டம், பாருங்கள்! சஹ்ரானின் பெயர் எழுதிய கடிதத்தில் கண் படவில்லை, சக்கரம் போட்ட துணியில் பட்டது. 2020இல் தமிழில் எழுதும் ஒரு இளம் முஸ்லிம் கவிஞரை அவருடைய கவிதைகளுக்காகவே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்து பிணையில் வந்தார், வழக்கிலிருந்து விடுதலை 2023 டிசம்பரில்தான். அவசரகாலச் சட்டம் அமலில் இருந்தபோதே 2019 மே 13இல் மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகளை எரித்தார்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

கடைசித் தாள்களை வெறுமையாக விடுங்கள், பொறுப்புக்கூறல் மெதுவாக வரும். முன்னாள் பொலிஸ் மா அதிபரையும் பாதுகாப்புச் செயலாளரையும் 2022இல் மேல் நீதிமன்றம் விடுவித்தது. 2023 ஜனவரி 12இல் நாட்டின் மிக உயர்ந்த மன்றமான உயர் நீதிமன்றம் அதே இருவரோடு முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவையும் அடிப்படை உரிமை மீறலுக்குப் பொறுப்பாளிகள் என்றது. சிறிசேன சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா கட்ட வேண்டும் என்றது. அவர் தவணை முறையில் கட்டினார். என் கொப்பியில் அதற்கு இடம் மிஞ்சவில்லை, அட்டையின் உள்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.