புயல் வரும் முன்: மாற்றுத்திறனாளிகளை முகாமுக்குக் கொண்டுசேர்க்க ஊராட்சி போட வேண்டிய திட்டம்

கடலோர ஊராட்சிகளின் பேரிடர்க் கோப்பில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "முன்னுரிமை அளிக்கப்படும்." யார் போய் அழைப்பது, எந்த வண்டியில், எத்தனை மணிக்கு? இந்த மூன்றையும் எழுதி வைத்தால்தான் அது திட்டம். ஆடி, ஆவணியில் வேலையைத் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழைக்குள் முடித்துவிடலாம்.

படி 1: பட்டியல்

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். ஆனால் மாவட்டப் பதிவேட்டுக்கு உங்கள் ஊர்ச் சந்தின் அகலம் தெரியாது. அடையாள அட்டை வைத்திருப்பவர்களை மட்டும் எடுத்தால் பாதிப் பேர் விடுபடுவார்கள். பக்கவாதத்தில் படுத்த பெரியவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர் எல்லாம் அட்டை வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. எனவே பராமரிப்பு உதவித்தொகைப் பட்டியலோடு அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் மூவரையும் உட்காரவைத்துத் தெருவாரியாகப் பேசுங்கள். மருந்துப் பையோடு வீட்டு வாசல் ஏறுபவர்களுக்குத்தான் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியும்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் திட்டத்தை அறிவியுங்கள். பெயரையும் நோயையும் அங்கே வாசிக்காதீர்கள், வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள்.

படி 2: வீட்டுக்கு ஓர் அட்டை

நோயின் பெயரைவிட, ஆளை வெளியே கொண்டுவரும் வழிதான் முக்கியம். மாதிரிக்கு ஒன்று:

"தெற்குத் தெரு. 62 வயது, பக்கவாதம், எழுந்து உட்கார முடியாது. உடன் மகள் மட்டும். சந்து 3 அடி, ஆட்டோ வராது. தார் ரோடு வரை 40 மீட்டர் தூக்க வேண்டும், 4 பேர் தேவை. சிறுநீர்க் குழாய் உண்டு. காலை, இரவு பிரஷர் மாத்திரை."

எல்லா அட்டைகளையும் மூன்று பிரதி அச்சிட்டு லேமினேட் செய்து தலைவர், செயலர், செவிலியர் ஆளுக்கு ஒன்றாக வைத்திருங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போனிலேயே பட்டியல் இருந்தால் சார்ஜ் தீரும்போது திட்டமும் தீர்ந்தது.

படி 3: ஆளுக்கு இரண்டு துணை

ஒருவர் வெளியூர் போயிருந்தால் மற்றவர் வர வேண்டும் என்பதற்காக இரண்டு பேர். இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு, பலசாலி என்று மீனவ இளைஞர்களையே எழுதுவது. எச்சரிக்கை வந்ததும் அவர்கள் முதலில் படகைத்தான் மேடேற்றுவார்கள், அதில் குற்றமும் இல்லை. ஒரு துணையாவது மகளிர் குழுவிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ இருக்கட்டும். பெண்ணைத் தூக்க வேண்டியிருந்தால் யார் தொடலாம் என்று அவரிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

ஒலிபெருக்கி காது கேளாதவருக்கு உதவாது. அவர் வீட்டு ஜன்னலில் டார்ச்சை மூன்று முறை அடிப்பது என்று முன்பே பேசிவைத்து, புயல், வண்டி, பள்ளிக்கூடம் வரைந்த ஓர் அட்டையையும் துணையிடம் கொடுங்கள்.

படி 4: நேரக் கணக்கு

14 பேர், 2 வண்டி. ஒரு நடைக்கு 2 பேரையும் அவர்களுடைய துணைகளையும் ஏற்றலாம் என்றால் மொத்தம் 7 நடை. ஒரு வண்டி 4 நடை போக வேண்டும். போய்வர, ஏற்றி இறக்க 40 நிமிடம் என்றால் 160 நிமிடம். மழையில் இரட்டிப்பாகும், அதாவது ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஊரே கிளம்பும்போது இவர்களும் கிளம்பினால் இருட்டிவிடும்.

அதனால், வானிலை மையம் சுமார் 24 மணி நேரம் முன்பு விடும் ஆரஞ்சு எச்சரிக்கையிலேயே, பகல் வெளிச்சத்தில் இவர்களை ஏற்றிவிடுங்கள். டயாலிசிஸ், ஆக்சிஜன் தேவைப்படுபவர்களை அதற்கும் முந்தைய 48 மணி நேர மஞ்சள் எச்சரிக்கையிலேயே மருத்துவமனை உள்ள ஊருக்கு அனுப்புங்கள். சுமார் 1,500 லிட்டர் கொள்ளும் பி டைப் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 12 மணி நேரம்தான் வரும். சாலையில் மரம் விழுந்தால் அடுத்த சிலிண்டர் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

படி 5: முகாம்

அளவு நாடாவோடு போங்கள். சாய்தளத்துக்கு 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். பள்ளித் திண்ணை ஒன்றரை அடி என்றால் 18 அடி. அவசரத்துக்கு 5 அடிப் பலகையைச் சாய்த்தால் சக்கர நாற்காலி பின்பக்கம் கவிழும். இடமில்லை என்றால் நான்கு பேர் தூக்குங்கள், பிடி நாற்காலியின் இரும்புச் சட்டத்தில் இருக்கட்டும். கைப்பிடியும் கால்பலகையும் கழன்று கையோடு வந்துவிடும்.

அடுத்தது கழிப்பறை, முகாமில் இதைவிடப் பெரிய விஷயம் எதுவும் இல்லை. பள்ளியில் இருப்பது இந்திய பாணிக் கழிப்பறை, கதவு இரண்டடி, வாசலில் ஒரு படி. உள்ளே போக முடியாதவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். இரண்டாம் நாள் நீர்க்கடுப்பு, காய்ச்சல். மருந்துக் கடையில் கிடைக்கும் கமோடு நாற்காலி இரண்டு, ஒரு தார்ப்பாய் மறைப்பு, பெரியவர்களுக்கான டயப்பர், வாளி, சோப்பு இவற்றை முன்பே வாங்கி அதே பள்ளியில் பூட்டி வையுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கூட்டமும் சத்தமும் தாங்காது, ஒரு சிறு அறையை ஒதுக்குங்கள்.

படி 6: ஒத்திகை

செப்டம்பரில் ஒரு நாள், உண்மையான வண்டியில், உண்மையான சக்கர நாற்காலிக்காரரோடு. தன்னார்வலரை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் நடக்கும், ஏனென்றால் சிக்கல் வந்தால் அவர் எழுந்து நடந்துவிடுவார். நேரத்தைக் குறித்து, படி 4இன் கணக்கைத் திருத்தி, அக்டோபர் 2 கிராம சபையில் வையுங்கள். 2025இல் வந்த சட்டத் திருத்தப்படி மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினர் இருக்கும் ஊராட்சியில் ஒத்திகையை நடத்தும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.

சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காதொலிக் கருவிப் பெட்டி எல்லாவற்றிலும் அட்டை எண்ணை பெயின்ட்டில் எழுதுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, ஆம்புலன்ஸ் 108. இரண்டும் ஒவ்வோர் அட்டையின் பின்பக்கத்திலும் இருக்கட்டும்.