குமிழைத் திருகும் முன் டயரில் காற்றைப் பாருங்கள்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் டிரைவிங் மோடு (ஒரு குமிழைத் திருகி காரின் சுபாவத்தை மாற்றும் வசதி) பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். கம்ஃபர்ட்டில் எப்படிப் போகும், ஸ்போர்ட் பிளஸ்ஸில் சைலன்சர் எப்படி உறுமும், எல்லாம் அத்துப்படி. "சரி, முன் டயரில் இப்போது எவ்வளவு காற்று இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "போன சர்வீஸ்ல பாத்தாங்களே" என்பார்கள், அதோடு பேச்சு மாறிவிடும். இத்தனைக்கும் அந்த மோடுகள் எல்லாமே டயரில் காற்று சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் வேலை செய்கின்றன. ஸ்டியரிங் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும், கார் வழுக்கும்போது கம்ப்யூட்டர் எப்போது குறுக்கே வர வேண்டும் என்பதையெல்லாம் தயாரித்தவர்கள் குறிப்பிட்ட காற்றழுத்தத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்திருக்கிறார்கள். மோடு குமிழைத் திருகினால் மட்டும் பிடிமானம் அதிகமாகிவிடாது. பிடிமானம் டயரில்தான் இருக்கிறது, அதனால் தவறுகளையும் டயரிலிருந்தே ஆரம்பிப்போம்.

சென்னையில் நடக்கும் மிகப் பெரிய தவறு, சூடான டயரில் அளவு பார்ப்பது. ஓ.எம்.ஆரில் அரை மணி நேரம் ஓட்டி, மதிய வெயிலில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி காற்று பார்த்தால் காலையில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருந்த டயர் சுலபமாக 37 காட்டும். "அதிகமா இருக்கே, இறக்கிடுங்க" என்று சொல்லி 33-க்குக் கொண்டுவந்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புகிறோம். மறுநாள் காலையில் அதே டயர் 29-ல் வந்து நிற்கும். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் மாறினால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ மாறும் என்பது கணக்கு. கார் கம்பெனி கொடுக்கும் எண் குளிர்ந்த டயருக்கான எண். ஓடும்போது சூட்டில் ஏறப்போவதையும் சேர்த்து யோசித்துத்தான் அதைக் கொடுக்கிறார்கள். குளிர்ந்த டயர் என்றால் ஜில்லென்று இருக்க வேண்டும் என்பதில்லை, கத்திரி வெயில் காலத்து சென்னையில் அது நடக்கிற காரியமும் இல்லை. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். விடியற்காலை ஆறு மணிக்கு, வெயில் படுவதற்கு முன்னால், வீட்டு வாசலிலேயே பார்ப்பது உத்தமம். தெருவில் நிறுத்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் நிழலும் இருந்தால் வெயில் பக்கத்து டயர் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அதைச் சமன் செய்கிறேன் என்று காற்றை இறக்கிவிடாதீர்கள்.

"வீட்டில் கம்ப்ரஸர் இல்லை, பங்குக்கு ஓட்டிப் போனால்தானே காற்று?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதற்கு வழியும் இருக்கிறது. காலையில் வீட்டில் உங்கள் கேஜை, அதாவது காற்று அளக்கும் கருவியை, வைத்துப் பார்க்கிறீர்கள், 33 இருக்க வேண்டிய டயரில் 30 இருக்கிறது, 3 குறைவு. பங்குக்குப் போனதும் அதே கேஜை வையுங்கள். ஓடி வந்த சூட்டில் இப்போது 34 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 33-ஐத் தாண்டிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. அந்த 34-உடன் குறைந்த 3-ஐக் கூட்டி 37 வரை ஏற்றச் சொல்லுங்கள். மறுநாள் காலை திரும்பப் பார்த்தால் 33-ஐ ஒட்டித்தான் இருக்கும், அரை பிஎஸ்ஐ கூடுதலாக இருந்தால் வீட்டிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

இதற்குச் சொந்தமாக ஒரு கேஜ் வேண்டும். பங்கில் ஹோஸோடு தொங்கும் கேஜ் நாளெல்லாம் தரையில் விழுந்து அடிபடுகிறது, அது சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிஜிட்டல் கேஜ் புள்ளி வைத்து 33.5 என்று காட்டுகிறது என்பதற்காக அது துல்லியமாகிவிடாது. நம்பகமான இன்னொரு கேஜோடு ஒருமுறை ஒப்பிட்டு எத்தனை வித்தியாசம் என்று தெரிந்துகொண்டால் போதும், எப்போதும் அந்த ஒரே கேஜையே பயன்படுத்துங்கள். வைக்கிற விதத்திலும் விஷயம் இருக்கிறது. வால்வு மூடியைக் கழற்றியதும் வாயில் ஒட்டியிருக்கும் மண்ணைத் துடையுங்கள், ஈ.சி.ஆர் கடற்கரைச் சாலைப் பக்கம் போய் வந்த வண்டி என்றால் நிச்சயம் மணல் இருக்கும். கேஜின் வாயை நேராக, ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். "உஸ்ஸ்" என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் காற்று பக்கவாட்டில் கசிகிறது, அப்போது தெரியும் எண் பொய். சத்தம் நின்ற பிறகு தெரிவதுதான் கணக்கு. இரண்டு முறை பாருங்கள், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது முறை. மூடியைத் திரும்பப் போட மறக்க வேண்டாம், வால்வுக்குள் தூசி போனால் மெதுவாகக் கசிய ஆரம்பிக்கும்.

எந்த எண்ணை வைப்பது என்பதில் இன்னொரு குழப்பம். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், உங்கள் காருக்கான அளவு இல்லை. சரியான அளவு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும், சில கார்களில் பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கம். அந்த ஸ்டிக்கரிலும் பல கட்டங்கள் இருக்கும்: இரண்டு பேர் போனால் ஒன்று, ஆளும் சாமானும் நிரம்பினால் இன்னொன்று, சில ஐரோப்பிய கார்களில் அதிவேகத்துக்கென்று தனியாக ஒன்று. மணிக்கு 250-க்கு மேல் போவதற்கான எண்ணை வைத்துக்கொண்டு வேளச்சேரியில் ஸ்பீட் பிரேக்கர் ஏறினால் முதுகெலும்புதான் பேசும். அளவு 'பார்' (bar) என்ற அலகில் மட்டும் இருந்தால் 14.5-ஆல் பெருக்குங்கள்: 2.3 பார் என்பது 33 பிஎஸ்ஐ, 2.7 பார் என்பது 39.

முன்னும் பின்னும் ஒரே அளவு வைப்பது அடுத்த தவறு. பங்கில் "எவ்ளோ சார், முப்பத்தஞ்சா?" என்று கேட்டுக்கொண்டே அந்தத் தம்பி முதல் டயரில் ஹோஸை மாட்டிவிடுவார், நாமும் தலையாட்டிவிடுவோம், நாலுக்கும் 35. சாதாரண ஹேட்ச்பேக்கில் அது பெரிய குற்றமில்லை. ஸ்போர்ட்ஸ் கார்களில் பல, பின்பக்கம் அகலமான டயரோடு வருகின்றன. போர்ஷே 911-இல் எஞ்சினே பின் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால் பின் டயருக்கு முன்னைவிட அதிக அழுத்தம் சொல்லியிருப்பார்கள். அதைக் குறைத்து வைத்தால் வளைவில் பின்பக்கம் தளர்ந்து ஆடும், நாம் கார் வழுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். வண்டியிலிருந்து இறங்கி, முதல் டயரைத் தொடும் முன்பே "முன்னாடி 33, பின்னாடி 37" என்று சொல்லிவிடுங்கள், உங்கள் ஸ்டிக்கரில் எது இருக்கிறதோ அது.

நைட்ரஜன் பற்றி ஒரே வரி: நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். தூய நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும், ஆனால் அதுவும் சூட்டில் விரியும், அதையும் மாதா மாதம் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

டேஷ்போர்டில் டயர் பிரஷர் விளக்கு எரியவில்லை, அதனால் எல்லாம் சரி என்று இருப்பவர்களுக்கு: அந்த விளக்கு பெரும்பாலும் நன்றாகக் குறைந்த பிறகுதான் எரியும். சில கார்களில் டயருக்குள் சென்சாரே கிடையாது, சக்கரம் சுற்றும் வேகத்தை ஏ.பி.எஸ் சென்சார் வழியாக ஒப்பிட்டு ஊகிக்கும் ஏற்பாடுதான். நாலு டயரிலும் ஒரே மாதிரி காற்று குறைந்தால் அதற்குத் தெரியாமலே போகலாம். அதோடு காற்று பிடித்ததும் ரீசெட் செய்ய வேண்டும், தப்பான அளவை வைத்துவிட்டு ரீசெட் செய்தால் அது தப்பையே சரி என்று மனப்பாடம் செய்துகொள்ளும்.

(ஊட்டிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பது: மேலே போனால் காற்றை மாற்ற வேண்டுமா? வேடிக்கை என்னவென்றால், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் 3 பிஎஸ்ஐக்கு மேல் கூடுதலாகக் காட்ட வேண்டும், ஆனால் சென்னையைவிட 20 டிகிரி குளிராக இருந்தால் ஏறக்குறைய அதே அளவு இறங்கிவிடும். ஒன்றை ஒன்று சாப்பிட்டுவிடுகிறது. தொடாமல் விடுங்கள்.)

இப்போது மோடுக்கு வருவோம். ஸ்போர்ட் மோடு குதிரைசக்தியைக் கூட்டும் என்பது பரவலான நம்பிக்கை. பெரும்பாலான கார்களில் எஞ்சினின் உச்ச சக்தி எந்த மோடிலும் அதேதான். மாறுவது ஆக்சிலரேட்டர் எவ்வளவு விறுவிறுப்பாகப் பதில் சொல்கிறது, கியர் எவ்வளவு நேரம் பிடித்து வைக்கப்படுகிறது, ஷாக் அப்சார்பர் எவ்வளவு இறுகுகிறது, ஸ்டியரிங் கனம், சைலன்சர் சத்தம். கத்திப்பாரா நெரிசலில் இதையெல்லாம் போட்டுக்கொண்டு ஊர்ந்தால் கிடைப்பது குலுக்கலும் பெட்ரோல் செலவும்தான், முன்னால் போகும் ஆட்டோக்காரர் வேறு கண்ணாடியில் முறைப்பார்.

இறுகின ஷாக் அப்சார்பர் ரேஸ் டிராக் மாதிரி வழவழப்பான தார் மீது நன்றாக வேலை செய்யும். ஒட்டுப்போட்ட சாலையில் அதே இறுக்கம் டயரைத் தரையிலிருந்து துள்ள வைக்கும், அதாவது பிடிமானம் குறையும். ஃபெராரியிலேயே எஞ்சினை ரேஸ் மோடில் வைத்துக்கொண்டு ஷாக் அப்சார்பரை மட்டும் மென்மையாக்க 'பம்பி ரோடு' என்று ஒரு வசதி கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கே அது தேவைப்படுகிறது என்றால் நம் சாலைக்குக் கேட்கவே வேண்டாம். உங்கள் காரில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமைக்கும் இண்டிவிஜுவல் மோடு இருந்தால் எஞ்சின் ஸ்போர்ட், சஸ்பென்ஷன் கம்ஃபர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், சென்னைக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டணி இல்லை என்பது என் கட்சி.

இந்த இடத்தில்தான் இரண்டு தவறுகளும் கைகோத்துக்கொள்கின்றன. ஸ்போர்ட்டில் வண்டி தூக்கிப் போடுகிறது என்று மோடை மாற்றாமல் டயரில் காற்றைக் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கவாட்டு உயரம் குறைந்த 30, 35 சீரிஸ் டயரில் ரிம்முக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருப்பது விரல் நீள ரப்பர். அதில் காற்றும் குறைந்தால் ஒரே குழியில் ரிம் வளையும், அல்லது டயரின் பக்கவாட்டில் முட்டை மாதிரி புடைக்கும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னியும் கிடையாது, பங்க்சர் அடைக்கும் திரவம் ஒரு குப்பியில் இருக்கும், ஓரம் கிழிந்த டயருக்கு அது உதவாது.

மழைக்காலத்திலும் இதே கதை. காற்றைக் குறைத்தால் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. உண்மை நேர் எதிர்: காற்று குறைந்த டயரின் நடுப்பகுதி உள்வாங்கிக்கொள்ளும், தண்ணீர் வெளியேற முடியாது, குறைந்த வேகத்திலேயே டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். பள்ளம் தேய்ந்த டயர் என்றால் இன்னும் மோசம், 1.6 மில்லிமீட்டர் ஆழம் வரை ஓட்டலாம் என்பது சட்டத்துக்கான அளவு, ஐப்பசி மழைக்கு அதை நம்பி அகலமான டயரில் போகாதீர்கள். மழையில் ஸ்போர்ட் பிளஸ்ஸும் வேண்டாம். பல கார்களில் அந்த மோடு ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலைத் தளர்த்திவிடும், ஆக்சிலரேட்டரும் துடிப்பாக இருக்கும், இரண்டும் ஈரச் சாலைக்கு ஆகாது. வெட் மோடு இருந்தால் வெட்கப்படாமல் போடுங்கள். இப்போதைய 911-இல் முன் சக்கரக் கூட்டுக்குள் மைக் வைத்து தண்ணீர் தெறிக்கும் சத்தத்தைக் கேட்டே சாலை ஈரமா என்று கண்டுபிடிக்கிறார்கள், ஆனாலும் அந்த மோடுக்கு மாற்றுவது ஓட்டுபவர் வேலைதான்.

நின்ற இடத்திலிருந்து வண்டியைப் பாய வைக்கும் லான்ச் கண்ட்ரோலை அடுத்தடுத்து நாலு முறை நண்பர்களுக்குக் காட்டினால் கிளட்ச் சூடேறும். டிராக் மோடு பொதுச் சாலைக்கு இல்லை. இவை இரண்டையும் ஈ.சி.ஆரில் செய்து பார்ப்பவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

அந்த ஆசை இருந்தால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டே (சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) நடக்கும்போது போங்கள். அங்கே காற்றுக் கணக்கே வேறு. சில சுற்றுகளில் டயர் நன்றாகச் சூடேறி அழுத்தம் சாலையில் ஏறுவதைவிட அதிகமாக ஏறும், அதனால் பிட்டுக்கு (டிராக் ஓரம் வண்டியை நிறுத்திப் பார்க்கும் இடம்) வந்ததும் சூடாக இருக்கும்போதே பார்த்து, தேவையான அளவுக்கு இறக்குவார்கள். அங்கே அது தவறில்லை, அதுதான் முறை. இறக்கிய காற்றோடு அப்படியே பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறி வீட்டுக்கு வருவதுதான் தவறு, ஏனென்றால் டயர் ஆறியதும் 25, 26-க்கு வந்துவிடும். சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன கம்ப்ரஸர் ஒன்றை டிக்கியில் போட்டுக்கொண்டு போங்கள். கிளம்பும் முன் இறக்கியதைத் திரும்ப ஏற்றுங்கள், மோடை கம்ஃபர்ட்டுக்கு மாற்றுங்கள், மறுநாள் காலை வெயில் வருவதற்குள் நாலு டயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.