ஃபுட்டி டிராஃப்டுக்கு முன் இளம் ஆட்டக்காரர்களைக் கணிப்பது எப்படி?

செப்டம்பர் கடைசியில் கிராண்ட் ஃபைனல் முடிந்துவிட்டால் மெல்போர்னில் பேச்சு மாறிவிடும். கோப்பை யாருக்கு என்பது இரண்டு வாரத்தில் பழைய கதை. நம் கிளப்புக்கு எந்தப் பையன் வரப்போகிறான் என்பதுதான் நவம்பர் வரை ஓடும். ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் பார்த்தது இணையத்தில் வந்த மூன்று நிமிடத் தொகுப்பு மட்டும்தான். நீங்களே மைதானத்துக்குப் போய்ப் பார்த்து ஒரு பட்டியல் போட வேண்டுமென்றால் என்ன செய்யலாம் என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஃபுட்டி என்றால் ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து. ஒரு ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவர்களாக இருந்தால் போதும், இதைத் தொடரலாம்.

முதலில் டிராஃப்ட் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கிளப்கள் வரிசையாக ஒவ்வொருவராக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் முறைதான் அது. ஃபுட்டியின் தேசிய லீக்கான ஏஎஃப்எல்லில் இப்போது 18 கிளப்கள். 1986 முதல் தேசிய டிராஃப்ட் நடக்கிறது. புள்ளிப்பட்டியலில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு, கோப்பை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசித் தேர்வு. அக்டோபரில் கிளப்கள் இந்த எண்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதால் உண்மையான வரிசை எப்போதும் கலைந்தே இருக்கும். அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 18 வயது நிறைகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். தேர்வாகிறவர்கள் 60, 70 பேர்தான். நாடு முழுக்க ஆடும் பையன்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சின்ன எண்ணிக்கை.

படி 1: எங்கே பார்ப்பது

விக்டோரியாவில் இருந்தால் இளையோர் போட்டியான கோட்ஸ் டேலன்ட் லீக்கில் தொடங்குங்கள். பழைய ஆட்கள் இதை இன்னும் டிஏசி கப் என்றுதான் சொல்வார்கள். டான்டெனாங் ஸ்டிங்ரேஸ், ஓக்லி சார்ஜர்ஸ், சாண்ட்ரிங்ஹாம் டிராகன்ஸ், பெண்டிகோ பயனியர்ஸ் என்று வட்டாரத்துக்கு ஓர் அணி. தெற்கு ஆஸ்திரேலியாவில் அந்த மாநில லீக்கான எஸ்ஏஎன்எஃப்எல்லின் 18 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்கள், மேற்கு ஆஸ்திரேலியாவில் அந்த மாநில லீக்கான வாஃபிலின் கோல்ட்ஸ் என்கிற இளையோர் ஆட்டங்கள்.

இதெல்லாவற்றுக்கும் மேலே 18 வயதுக்குட்பட்டோர் தேசியப் போட்டி இருக்கிறது. விக் மெட்ரோ (மெல்போர்ன் நகரம்), விக் கன்ட்ரி (விக்டோரியாவின் மற்ற ஊர்கள்), தெற்கு, மேற்கு, மற்ற மாநிலங்கள் சேர்ந்த அல்லைஸ் என ஐந்து அணிகள். நல்லவன் நல்லவனோடு மோதுகிற இடம் இது. நேரம் குறைவு என்றால் இதை மட்டும் விடாதீர்கள். பல ஆட்டங்கள் இணையத்தில் நேரலையாகவும் வருகின்றன. ஆனால் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். அடுத்த படியைப் படித்தால் அது ஏன் போதாது என்று தெரியும்.

விக்டோரியாவில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய தனியார் பள்ளிகளில் படிக்கிற பையன்கள் குளிர்காலத்தில் பெரும்பாலும் பள்ளிக்காகத்தான் ஆடுவார்கள். டேலன்ட் லீக்கில் அவர்களுக்குச் சில ஆட்டங்கள்தான் கிடைக்கும். ஆட்ட எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று ஒருவனைக் கழித்துவிடாதீர்கள்.

படி 2: பந்தை விடுங்கள், பையனைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

ஒரு கால்பகுதிக்கு ஒரே பையனைத் தேர்ந்தெடுங்கள். பந்து எங்கே போனாலும் கண் அவன் மேலேயே இருக்கட்டும். முதல் ஐந்து நிமிடம் எரிச்சலாக இருக்கும், கூட்டம் கத்தும்போது தலை தானாகத் திரும்பும். பழகிவிட்டால் வேறு ஆட்டமே கண்ணுக்குத் தெரியும். ஒரு பையனின் கையில் பந்து இருக்கும் நேரம் ஓர் ஆட்டத்தில் மொத்தமாகச் சில நிமிடங்கள்கூடத் தேறாது. மீதி நேரம் முழுக்க அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் எதிர்காலம் இருக்கிறது.

மிட்ஃபீல்டராக இருந்தால், நடுவட்டத்தில் பந்து மேலே போவதற்கு முன் அவன் தலை எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். நல்லவன் இரண்டு தோளுக்கும் மேலே ஒரு பார்வை விட்டுவிட்டுத்தான் நிற்பான். பந்து கைக்கு வருவதற்கு முன்பே வழி அவனுக்குத் தெரிந்திருக்கும். சாம் மிட்செல் ஓட்டத்தில் மெதுவான ஆள் என்றுதான் பெயர். 2001 டிராஃப்டில் 36-வது தேர்வு. கூட்டத்துக்குள் இரண்டு கையாலும் இரண்டு காலாலும் பந்தை வெளியே எடுத்துவிடுவார், தலை மற்றவர்களை விட அரை நொடி முன்னால் ஓடும். 2008-இல் ஹாதார்ன் கோப்பை வென்றபோது அவர்தான் கேப்டன், பிறகு சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கமும் வந்தது.

அடுத்து, பந்து எதிரணிக்குப் போன கணம். அவன் அணி இழந்துவிட்டது, அவன் 40 மீட்டர் முன்னால் நிற்கிறான். திரும்பி ஓடுகிறானா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடக்கிறானா? முதல் கால்பகுதியில் எல்லாரும் ஓடுவார்கள். கடைசிக் கால்பகுதியில், அணி 50 புள்ளி பின்தங்கியிருக்கும்போது பாருங்கள். டேக்கிள் செய்து கீழே விழுந்தவன் எவ்வளவு சீக்கிரம் எழுந்து மறுபடியும் சேருகிறான் என்பதும் இதே கணக்குதான்.

உயரமான ஃபார்வர்டுகளிடம் வேறொன்று பார்க்க வேண்டும். மார்க் பிடிக்கும்போது, அதாவது கிக் அடித்து வரும் பந்தைத் தரையில் விழாமல் பிடிக்கும்போது, கை முழுக்க நீட்டி, பந்து மிக உயரத்தில் இருக்கும்போதே பிடிக்கிறானா, இல்லை நெஞ்சில் விழும்வரை காத்திருக்கிறானா? 18 வயதுக்குட்பட்டோரில் 198 சென்டிமீட்டர் உயரமுள்ளவனுக்கு நெஞ்சில் பிடித்தாலும் போதும், தடுக்க ஆளில்லை. ஏஎஃப்எல் தடுப்பாட்டக்காரர்கள் அந்தப் பந்தை முஷ்டியால் குத்தி வெளியே தள்ளிவிடுவார்கள். ரக், அதாவது நடுவர் மேலே போடும் பந்துக்குத் தாவித் தட்டிவிடுகிறவன் என்றால், தட்டிவிட்டதோடு நின்றுவிடுகிறானா, பந்து தரையில் விழுந்த பிறகும் தொடர்கிறானா என்று பாருங்கள்.

படி 3: குறிப்பு எழுதுங்கள், தீர்ப்பு எழுதாதீர்கள்

"நல்ல கிக்" என்று எழுதினால் இரண்டு மாதம் கழித்து அதில் ஒன்றும் இருக்காது. "2-ஆம் கால்பகுதி, வலது விங், இடது காலால் 45 மீட்டர், எதிராளி துரத்தும்போது, ஆளின் முன்னால் விழுந்தது" என்று எழுதுங்கள். காற்று எந்தப் பக்கம் என்றும் எழுதுங்கள். விக்டோரியக் குளிர்காலத்தில் சில மைதானங்களில் ஒரே பக்கத்து கோலில்தான் புள்ளிகள் விழும். காற்றோடு அடித்த நான்கு கோலும் காற்றுக்கு எதிராக அடித்த ஒரு கோலும் ஒன்றல்ல.

கிக்கில் நான் பெரிதாக மதிப்பது தூரத்தை அல்ல, முடிவை. எளிதான பக்கவாட்டு கிக் இருக்கும்போது நடுவில் குத்தும் கிக்கை முயல்கிறானா? தவறினாலும் பரவாயில்லை, அந்த வழி அவன் கண்ணுக்குத் தெரிந்தது என்பதே பெரிய விஷயம். கிக்கின் பாணியைப் பயிற்சியில் ஓரளவு திருத்தலாம். கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைப்பது மிகவும் கடினம்.

ஒரே ஆட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். குறைந்தது மூன்று முறை, முடிந்தால் ஒன்று மழையில், ஒன்று தேசியப் போட்டியில்.

படி 4: எண்களை எப்படிப் படிப்பது

டிஸ்போசல் என்பது கிக்கும் ஹேண்ட்பாலும் (பந்தை ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்திக் கொடுப்பது) சேர்ந்த கணக்கு. "30 டிஸ்போசல்" என்று தலைப்பு வரும், எல்லாரும் மயங்குவார்கள். அரைப் பின்களத்தில் நின்று பக்கத்திலிருப்பவனோடு பந்தை மாற்றி மாற்றி ஆடியே 30 சேர்க்கலாம். அதில் எத்தனை போராடி எடுத்தவை, எத்தனை கிளியரன்ஸ் (மோதல் கூட்டத்திலிருந்து பந்தை வெளியே எடுத்தவை), எத்தனை 50 மீட்டர் வளைவுக்குள் போனவை, எத்தனை கடைசியில் கோலில் முடிந்தவை என்று பிரித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. யாருக்கு எதிராக ஆடினான்? தெற்கு ஆஸ்திரேலியப் பையன்கள் சிலர் 17, 18 வயதிலேயே பெரியவர்கள் ஆடும் லீக் அணிக்குள் வந்துவிடுவார்கள். 2021-இல் நார்த் மெல்போர்ன் முதல் தேர்வாக எடுத்த ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ் அப்படி சவுத் அடிலெய்டுக்காக ஆடியவர்தான். பெரியவர்களோடு மோதி எடுத்த 15-ஐ, சம வயதுக்காரர்களோடு ஆடி எடுத்த 28-ஐ விட மேலே வைப்பேன்.

படி 5: உடம்பும் பிறந்த தேதியும்

ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே டிராஃப்டில்தான் வருகிறார்கள். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம். அந்த வயதில் ஒரு வருடம் என்பது தோள் அகலத்திலேயே தெரியும். ஆகவே பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதிவிடுங்கள். தாடி முளைத்த பையன் மற்றவர்களைத் தள்ளிவிட்டுப் போவதைப் பார்த்து அசந்துவிடாதீர்கள், மூன்று வருடத்தில் எல்லாருக்கும் அந்த உடம்பு வந்துவிடும். அப்போதும் அவனிடம் என்ன மிஞ்சும்? அதை யோசித்துதான் எண் போட வேண்டும்.

உயரமானவர்கள் மெதுவாகத்தான் தேறுவார்கள். மேக்ஸ் கான் 2009-இல் 34-வது தேர்வு, சீசனின் சிறந்தவர்களைக் கொண்ட ஆல் ஆஸ்திரேலியன் அணியில் முதல் முறை இடம் பிடித்தது 2016-இல். குள்ளம் என்று ஒதுக்குவதும் கூடாது. லாக்கி நீல் 2011-இல் 58-வது தேர்வு, உயரம் 177 சென்டிமீட்டர்தான். பிரவுன்லோ பதக்கம் இரண்டு முறை வாங்கிவிட்டார்.

படி 6: கம்பைன்

சீசன் முடிந்ததும் தேர்ந்தெடுத்த பையன்களைக் கூப்பிட்டு உடல் சோதனை நடத்துவார்கள். 20 மீட்டர் ஓட்டம், 2 கிலோமீட்டர் ஓட்டம், நின்றபடி தாண்டுவது, ஓடிவந்து தாண்டுவது, கம்பங்களுக்கிடையே வளைந்து ஓடுவது. 20 மீட்டரை 2.9 நொடிக்குள் முடித்தால் மிக வேகம். 2 கிலோமீட்டரை 6 நிமிடம் சுற்றி முடித்தால் நல்ல மூச்சு.

இந்த எண்களை உங்கள் குறிப்பைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். மைதானத்தில் வேகமாகத் தெரிந்தவன் கடிகாரத்தில் சுமாராக வந்தால், அவன் முன்கூட்டியே ஓடத் தொடங்குகிறான் என்று அர்த்தம். அது நல்ல செய்தி. கடிகாரத்தில் பறந்தவன் ஆட்டத்தில் எப்போதும் இரண்டடி தாமதமாகவே வந்தால், பழைய குறிப்புகளைத் திரும்ப எடுத்துப் படியுங்கள்.

நேர்காணலும் நடக்கும், அதை நாம் பார்க்க முடியாது. சம்பந்தம் பேசப் போகிறவர்கள் மாதிரி கிளப்காரர்கள் பள்ளி ஆசிரியர், பழைய கோச், வீட்டார் என்று ஒருவர் விடாமல் விசாரிப்பார்கள். காயங்களின் மருத்துவ விவரமும் அவர்களிடம்தான் இருக்கும். நீங்கள் பத்தில் வைத்தவன் 35-க்குப் போனால், பாதி நேரம் காரணம் இந்த மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும்.

படி 7: அப்பா யார், ஊர் எது

டிராஃப்ட் வரிசையைப் புரிந்துகொள்ள இந்த விதிகள் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கிளப்புக்காக 100 ஆட்டமாவது ஆடியவரின் மகனை அந்தக் கிளப் முன்னுரிமையோடு எடுத்துக்கொள்ளலாம். வேறு கிளப் அவன் பெயரைச் சொன்னதும், அப்பாவின் கிளப் அதற்கு ஈடான புள்ளி மதிப்புள்ள தேர்வுகளைக் கொடுத்து மீட்டுக்கொள்ளும். 2022-இல் பிரிஸ்பேன் இப்படித்தான் வில் ஆஷ்கிராஃப்டை 2-வது இடத்தில் எடுத்தது, 2024-இல் தம்பி லீவையை 5-வது இடத்தில் எடுத்தது. அவர்கள் அப்பா மார்கஸ் 2001 முதல் 2003 வரை பிரிஸ்பேன் தொடர்ந்து வென்ற மூன்று கோப்பை அணிகளிலும் இருந்தவர். சிட்னி, பிரிஸ்பேன், கோல்ட் கோஸ்ட், ஜிடபிள்யூஎஸ் ஆகிய நான்கு வடக்குக் கிளப்களின் அகாடமியில் வளர்ந்த பையன்களுக்கும் இதே முறைதான்.

இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் எண்ணம். ஆனால் பட்டியல் போடும்போது இந்தப் பையன்களை உங்கள் வரிசையில் அவர்கள் தகுதிக்கு எங்கே வரவேண்டுமோ அங்கேயே வையுங்கள், பக்கத்தில் ஒரு குறி மட்டும் போடுங்கள்.

படி 8: வரிசைப்படுத்துவது

1 முதல் 30 வரை நேராக எண் போட முயன்றால் தலை சுற்றும். முதலில் குழுவாகப் பிரியுங்கள்: எந்த அணிக்கும் முதல் வருடமே ஆடக்கூடியவர்கள், மூன்று வருடம் பொறுத்தால் வருவார்கள் என்று தோன்றுகிறவர்கள், ஒரே ஒரு அபாரமான திறமைக்காக எடுக்கலாம் என்கிற ரகம். குழுவுக்குள் அப்புறம் வரிசை. மிட்ஃபீல்டராகக் கலக்குகிறவன் ஏஎஃப்எல்லுக்குப் போனதும் பெரும்பாலும் அரை முன்களத்திலோ அரைப் பின்களத்திலோதான் தொடங்குவான். அங்கே அவனால் ஆட முடியுமா என்றும் ஒரு வரி சேருங்கள்.

பட்டியலை எழுதி முடித்துத் தேதி போடும்வரை வேறு யாருடைய கணிப்பையும் படிக்காதீர்கள். படித்துவிட்டால், நீங்கள் கண்ணால் பார்த்தது மங்கி, ஊர் சொல்வது உங்கள் கருத்தாகிவிடும்.

அப்புறம் ஒரு விஷயம். இவர்கள் 17, 18 வயதுப் பையன்கள். வேலியோரம் உங்கள் பக்கத்தில் நிற்பவர் அவன் அம்மாவாக இருக்கலாம். குறிப்பேட்டில் எவ்வளவு கறாராக வேண்டுமானாலும் எழுதுங்கள், சத்தமாகப் பேச வேண்டாம். சமூக வலைத்தளத்தில் அவர்களுக்குச் செய்தி அனுப்புவதெல்லாம் கூடவே கூடாது.

டிராஃப்ட் இரவுக்குப் பிறகு

உங்கள் வரிசையும் கிளப்களின் வரிசையும் நிச்சயம் வேறுபடும். அன்றிரவே யார் சரி என்று சண்டை போடுவதில் பயனில்லை. 2001-இல் முதல் மூன்று தேர்வுகள் லூக் ஹாட்ஜ், லூக் பால், கிறிஸ் ஜட். அன்றைக்கு யாரும் குறை சொல்லவில்லை. அதே டிராஃப்டில் 58-வதாக எடுக்கப்பட்ட டேன் சுவான் 2011-இல் பிரவுன்லோ வாங்கினார். சிறிய ஃபார்வர்டுகளையும் மிட்ஃபீல்டர்களையும் மூன்று வருடம் கழித்துப் பாருங்கள், உயரமானவர்களுக்கு ஐந்தாறு வருடம் கொடுங்கள்.

பெயர் கூப்பிடப்படாதவர்களை அடித்துவிடாதீர்கள். தேசிய டிராஃப்டுக்குப் பின் ரூக்கி டிராஃப்ட் உண்டு, 2019 முதல் சீசன் நடுவிலும் ஒரு டிராஃப்ட் நடக்கிறது. அந்த முதல் வருடமே மார்லியன் பிக்கெட்டை ரிச்மண்ட் அப்படித்தான் 27 வயதில் எடுத்தது. அவரது முதல் ஏஎஃப்எல் ஆட்டமே கிராண்ட் ஃபைனல், கோப்பையும் கிடைத்தது. தேர்வாகாத பையன் அடுத்த ஆண்டு ஏஎஃப்எல்லுக்குக் கீழே உள்ள விஎஃப்எல்லில் ஆடுகிறானா, வாஃபிலில் ஆடுகிறானா, எந்த அணிக்கு என்று கண்டுபிடித்து அவன் பெயருக்கு எதிரே எழுதிவையுங்கள். ஏப்ரலில் முதலில் பார்க்கப் போக வேண்டியது அவனைத்தான்.