இஸ்ரோவின் ‘யுவிகா’ முகாமுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ‘யுவிகா’ என்பது 2019-இல் இஸ்ரோ தொடங்கிய இளம் விஞ்ஞானி திட்டம். கோடை விடுமுறையில் ஏறக்குறைய இரண்டு வாரம் இஸ்ரோ மையத்திலேயே தங்கி விஞ்ஞானிகளிடம் நேரில் கேட்டுப் படிக்கலாம், ஆய்வகங்களைப் பார்க்கலாம், செய்முறைப் பயிற்சியும் உண்டு. திருவனந்தபுரம், பெங்களூரு, ஸ்ரீஹரிகோட்டா, ஹைதராபாத், அகமதாபாத், டேராடூன், ஷில்லாங் ஆகிய மையங்களில் நடந்து வருகிறது. தங்குமிடம், சாப்பாடு, ரயில் கட்டணம் எல்லாம் இஸ்ரோவின் பொறுப்பு. கொண்டுவந்து விட்டு, திரும்ப அழைத்துப் போகும் பெற்றோர் ஒருவருக்கும் பயணச் செலவைத் தருகிறார்கள்.

முதலில் மதிப்பெண் கணக்கு

நுழைவுத் தேர்வு என்று பெரிதாக எதுவும் இல்லை. மொத்தம் 100. அதில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50, இணையவழி வினாடி வினாவுக்கு 10. கடந்த மூன்று ஆண்டுகளில் அறிவியல் கண்காட்சியில் கலந்துகொண்டிருந்தால் பள்ளி அளவுக்கு 2, மாவட்ட அளவுக்கு 5, மாநில அளவுக்கு 10. ஒலிம்பியாட் பரிசுக்கும் விளையாட்டுப் பரிசுக்கும் தனித்தனியே 5 வரை. சாரணர், என்.சி.சி., என்.எஸ்.எஸ். ஏதாவது ஒன்றில் இருந்தால் 5.

பலரும் கவனிக்காமல் விடுவது அடுத்தது: ஊராட்சிப் பகுதியில் உள்ள கிராமப்புறப் பள்ளியில் படித்தால் 15. அப்படியொரு பள்ளியில் படிக்கும் பிள்ளை சாரணர் இயக்கத்தில் இருந்து, பள்ளிக் கண்காட்சியில் ஒரு மாதிரி செய்து வைத்திருந்தாலே 22 கைக்கு வந்துவிடுகிறது. “நம்ம பிள்ளைக்கெல்லாம் எங்கே கிடைக்கப் போகிறது” என்று தயவுசெய்து நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள்.

அப்புறம் சான்றிதழ்கள்

அறிவிப்பு பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். 2025-இல் பிப்ரவரி 24 முதல் மார்ச் 23 வரை அவகாசம் இருந்தது. பரீட்சை நெருங்கும் நேரம் என்பதால் பொங்கல் விடுமுறையிலேயே எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

நம் ஊரில் இடிப்பது இனிஷியல்தான். மதிப்பெண் பட்டியலில் ‘கவிதா செ’, கண்காட்சிச் சான்றிதழில் ‘செ. கவிதா’, ஆதாரில் ‘கவிதா செல்வம்’. பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே விண்ணப்பத்தில் எழுதுங்கள். மற்றவற்றைத் திருத்த முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். போனில் படம் எடுப்பதானால் லேமினேஷன் உறையிலிருந்து வெளியே எடுத்து, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். டியூப்லைட் பளபளப்பு விழுந்தால் முத்திரையே தெரியாது.

இனி விண்ணப்பம்

டேராடூன் இந்திய தொலையுணர்வு நிறுவனத்தின் ‘அந்தரிக்ஷ ஜிக்யாசா’ தளத்தில் மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பைத் திறந்து உறுதி செய்ததும், விதிமுறைகளைப் படித்துவிட்டு வினாடி வினாவைத் தொடங்குங்கள். பதிலைப் பிள்ளையே சொல்லட்டும். முடித்த கையோடு விண்ணப்பத்தை நிரப்ப முடியாது. 60 நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். தளம் கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம்.

பிறகு விவரங்களை நிரப்பி, தலைமை ஆசிரியர் கையொப்பமிட்ட சான்றுடன் மற்றவற்றையும் பதிவேற்றிச் சமர்ப்பியுங்கள். கடைசி நாள் வரை தள்ளிப்போட வேண்டாம். அசல்களை ஒரே கோப்பில் போட்டு வையுங்கள், பெயர் பட்டியலில் வந்தால் சரிபார்க்கக் கேட்பார்கள்.